மறியல் முற்றத்துக் கன்னிக்கால்

ஒரு கம்புக்கு ஒரு நிழல்தான் விழவேண்டும்.

குகதாசன் கையிலிருந்த கதிரைகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார். முற்றத்தின் நடுவில், மகளின் கலியாணத்துக்காக வியாழக்கிழமை அவர் தன் கையால் நட்ட கன்னிக்கால் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடிய அத்திக்கொப்பு. உச்சியில் மாவிலையும், நவதானியம் முடிந்து கட்டிய மஞ்சள் துணியும். ஆனால் எதிர்ச்சுவரில் விழுந்திருந்த நிழலுக்கு இரண்டு கால்கள் இருந்தன. இரண்டின் தலையையும் இணைத்துக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது.

விளக்கு இரண்டாக இருக்கும் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒன்றுதான் எரிந்தது. கூரைக்கு மேலே தை மாதத்து லண்டன் பின்னேரம், இன்னும் நாலு மணி ஆகாமலே, ஈரச்சாக்கு விரித்ததுபோல இருண்டு கிடந்தது.

"என்ன அண்ணை, சுவரிலை படமே ஓடுது?"

கலியாண ஹோலை நடத்தும் கிருஷ்ணராசா திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஜேர்மனியில் இருந்து வந்து லண்டனில் காலூன்றிய மனிதர். எதற்கும் சிரிப்பார்.

"ராசா, உந்த நிழலைப் பார்."

கிருஷ்ணராசா பார்த்தார். சிரிப்பு வர ஒரு நொடி பிந்தியது.

"பழைய கூரைக் கண்ணாடி அண்ணை. உடைச்சு உடைச்சுத்தான் காட்டும். நாளைக்கு மகளின்ரை கலியாணம், உங்களுக்கு ரென்சன். போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

இந்தக் கட்டடம் ஒருகாலத்தில் மாவட்டத்தின் கோர்ட்டும் மறியலுமாக இருந்தது. முன்பக்கம் கோர்ட், பின்பக்கம் கைதிகளை அடைத்துவைத்த மறியல், நடுவில் இந்த முற்றம். ஸ்ட்ரெதம் பக்கத்துத் தமிழருக்கு இப்போது அது கலியாண ஹோல். நீதிபதி இருந்த மேடையில் மணவறை வைப்பார்கள். செதுக்கிய மரக்கூரை தலைக்கு மேல் அப்படியே இருந்தது. கைதி நின்ற கூண்டும் இருந்தது. கூண்டுக்குள்ளிருந்து ஒரு கல்படிக்கட்டு கீழே இறங்கி, முற்றத்துக்கு அடியால் சுரங்கமாக ஓடி, முற்றத்தின் நடுவில் மேலே ஏறியது. தொடங்கும் இடத்தில் மூன்று பேர் தோளோடு தோளாக நடக்கலாம். போகப்போகச் சுவர்கள் நெருங்கும். கடைசியில் ஒருவர்தான் போகலாம், அவராலும் திரும்ப முடியாது. ஹோலைச் சுற்றிக் காட்டிய அன்று, "கட்டினவன் கெட்டிக்காரன் அண்ணை," என்று கிருஷ்ணராசா கல்லைத் தட்டிச் சிரித்தார்.

அன்றுதான் குகதாசன் அந்தக் குழிகளைக் கண்டார். சுரங்கம் ஏறிவரும் வாயை ஓர் இரும்பு மூடி மூடியிருந்தது. அதன் இரு பக்கத்திலும் கல்லில் வெட்டிய சதுரக் குழிகள், ஆழமாக. என்ன குழி என்று கேட்டார். கொடிமரத்துக்கு விட்டது என்று பதில் வந்தது.

அவருடைய மனம் அப்போதே அதில் விழுந்துவிட்டது. நோர்பரியில் தன் பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய வீடு. ஒரு பிடி மண் கிடையாது. லண்டனில் எல்லாரும் கன்னிக்காலை வாளிக்குள் மண் போட்டுத்தான் நடுகிறார்கள். வெம்பிளியில் யோகராஜாவின் மகளின் கலியாணத்தில் வாளி சரிந்து ஐயரின் காலில் விழுந்ததை, கனடாவில் இருந்தவர்கள்கூட வீடியோவில் பார்த்தார்கள்.

"வாளிக்குள்ளை நட்டா அது கன்னிக்காலே? பூச்செடி," என்று அவர் மனைவி கலாவதியிடம் சொன்னார். "என்ரை பிள்ளைக்கு நிலத்திலைதான் நடுவன்."

வழக்கமாக நடும் முள்முருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர் தன் அத்திமரத்தில் ஒரு கொப்பு வெட்டிக் கொடுத்தார். நல்ல நேரம் பார்த்து அந்தக் குழிகளில் ஒன்றுக்குள் பால் விட்டு, நவதானியமும் காசும் போட்டு, கொப்பை இறக்கி, மண்ணும் செங்கல் துண்டும் இறுக்கினார். குழி பெரிது, கொப்பு மெல்லியது. எவ்வளவு இறுக்கியும் அது ஆடிக்கொண்டே நின்றது.

இப்போது கிருஷ்ணராசா சமையலறைப் பக்கம் போனதும் குகதாசன் கன்னிக்காலை நெருங்கினார். ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

அசையவில்லை.

கையை எடுக்காமல் நின்றார். கண்ணுக்கு முன்னால் பட்டை தெரிந்தது, கணு தெரிந்தது, கொப்பின் உருளை தெரிந்தது. உள்ளங்கைக்குத் தெரிந்தது வேறு. கண்ணை மூடினார். அவர் பிடித்திருந்தது இழைத்த மரம். நாலு மூலை வைத்துச் சீவிய பருத்த மரம். பல கைகள் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிய விளிம்பு. கண்ணைத் திறந்தார். அத்திக்கொப்பு.

மஞ்சள் துணியின் முனை அவர் நெஞ்சில் உரசியது. ஒரு முழத் துணிதான் அவர் கட்டியது. அது உச்சியில் இருந்து நெஞ்சுவரை எப்படி வந்தது என்று யோசித்தபடி விரலால் தொட்டார். துணி முறுகி இருந்தது. சணல் மணத்தது. அதற்குள் இன்னொரு மணம், மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்து பழசாகிய மணம். கைவிரல்களை அவர் காற்சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். போகவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மறியல் பக்கத்தில், கைதி இருந்த ஒரு செல்லுக்குள், இப்போது சாமான் வைக்கும் இடத்தில். பாரம் ஏற்றிய கயிறு மெல்ல மெல்லச் சுற்றும் சத்தம்.

அந்தச் செல்லில்தான் கடையில் இருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்குகளை அடுக்கியிருந்தார். தாழ்வான கதவுக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனார். சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வெள்ளை அடித்ததால் கற்கள் வீங்கிப்போனவை போலத் தெரிந்தன. கூரைக் கொழுக்கியில் சாக்குகள் தொங்கின. ஒன்றின் கழுத்தில் மற்றது கட்டி, நீளமாக. இடமாகச் சுற்றி, நின்று, வலமாகச் சுற்றியது.

எலிக்குப் பயந்து யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். கழற்றலாம் என்று இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினார்.

கைகள் சொல்லிவிட்டன. போன கோடையில் கார்ப்பார்க்கில் கால் பிரண்டு விழுந்த மகள் மேனுஷாவை இப்படித்தான் அணைத்துத் தூக்கி வீட்டுப்படி ஏறினார். அதே பாரம். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரிசி அவர் முழங்கையில் ஒரு இடுப்பைப் போல மடிந்தது.

விட்டார். பாரம் விழுந்து நின்றது. கயிறு ஒரு நூல்கூட இழுபடவில்லை.

"ராசா! ஆர் இந்த அரிசியைத் தொங்கவிட்டது?"

கிருஷ்ணராசா வந்து செல் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"நான் இல்லை அண்ணை."

"அப்ப ஆர்?"

"முந்தி ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதிறவன். அவன் சொன்னவன்..." நிறுத்தினார். தொங்கும் சாக்கைக் காட்டினார். "முதல்நாள் ஆளை நிறுப்பினமாம். அதே பாரத்துக்கு மணல்மூட்டை கட்டி இரவு முழுக்கத் தொங்க விடுவினமாம். கயிறு இழுபட வேண்டியது முதலே இழுபட்டிடும். அடுத்தநாள் இழுபடாது. அதுக்கும் உயிர் போகாட்டி, சொந்தக்காரர் கீழை நிண்டு காலைப் பிடிச்சு இழுப்பினமாம், நோவு கெதியா முடியட்டும் எண்டு."

குகதாசன் சாக்கிலிருந்து ஓர் எட்டு விலகினார்.

"நீ கொடிமரக் குழி எண்டெல்லே சொன்னனீ?"

"கொடியும் ஏத்தினவைதான் அண்ணை. ஆளைத் தூக்கிலை போட்டு முடிஞ்சாப் பிறகு. கறுப்புக் கொடி."

"அந்த ரெண்டு குழி?"

கிருஷ்ணராசா நிலத்தைப் பார்த்தார். "நான் ஹோல் நடத்திறவன். உதைச் சொன்னா ஆர் புக் பண்ணுவினம்?"

முற்றத்தில் போன் வேலை செய்யாது. குகதாசன் வெளிவாசலுக்கு ஓடினார். மழைத் தூறல், பஸ், எதிரே கோழிக்கடையின் சிவப்பு வெளிச்சம். எல்லாம் தங்கள் பாட்டில் இருந்தன. கலாவதி போனை எடுத்தபோது பின்னால் எண்ணெய் கொதித்தது.

"கன்னிக்காலைப் பிடுங்கப்போறன்," என்றார்.

"என்னப்பா, விசரே? கலியாணம் முடியமுதல் நட்ட கன்னிக்காலை ஆரும் பிடுங்குவினமே? பிள்ளைக்கு ஆகாது. நீங்கள்தானே வாளி வேண்டாம், நிலத்திலைதான் நடுவன் எண்டு துள்ளினனீங்கள்?"

"கலா, அது கன்னிக்கால் இல்லை."

"பலகாரம் கருகுது. போனை வையுங்கோ."

"மேனுஷா எங்கை?"

"அங்கைதான். என்ட்ரி பிராக்டிஸ் எண்டு அப்பவே வெளிக்கிட்டவள். நீங்கள் காணேல்லையே?"

அவர் கோர்ட்டுக்குள் ஓடினார். வரிசை வரிசையாக வெள்ளைத்துணி போட்ட கதிரைகள், மணவறையில் பிளாஸ்டிக் ரோசாக்கள், கூண்டின் சிறுகதவு திறந்து கிடந்தது. படியின் தலையில் மேனுஷாவின் சப்பாத்துகள். காலில் மருதாணி போட்டிருந்ததால் கழற்றிவிட்டு இறங்கியிருந்தாள். மாப்பிள்ளை பிரவீணன் மணவறையில் காத்திருக்க, தான் கூண்டுக்குள் இறங்கி, சுரங்கத்தால் நடந்து, புகை எழும்ப முற்றத்தின் நடுவில் கன்னிக்காலடியில் தோன்றவேண்டும் என்பது அவளுடைய ஆசை. லண்டனில் இன்னும் ஒருத்தரும் இப்படி என்ட்ரி செய்யவில்லை என்று சொல்லித் துள்ளியிருந்தாள்.

"மேனுஷா!"

கீழே எங்கேயோ போனில் பாட்டு ஒலித்தது.

"அப்பா, கத்தாதேங்கோ! டைம் எடுக்கிறன்."

"திரும்பி வா பிள்ளை. இப்ப வா."

"இஞ்சை திரும்ப ஏலாதப்பா, சரியான ஒடுக்கம். அங்காலை ஏறி வாறன். ராசா அங்கிளை மூடியைத் திறக்கச் சொல்லுங்கோ." பிறகு சிரித்தாள். "அப்பா, உங்கடை வண்டி வயிறு இதுக்குள்ளை இறுகிப்போம்."

அவர் இறங்கினார். நாலைந்து எட்டு நடந்தார். இரண்டு சுவரும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டன. மூச்சை விட்டு, வயிற்றை எக்கி, இன்னும் ஓர் எட்டு. அதற்கு மேல் முடியவில்லை. கல் வியர்த்து அவர் கன்னத்தில் ஒட்டியது. இருட்டின் கடைசியில் அவளுடைய போன் வெளிச்சம் சிறிதாகிக்கொண்டு போனது.

பின்னோக்கி நடந்து வெளியே வந்து முற்றத்துக்கு ஓடினார். அவருக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் அந்த மூடிக்குக் கீழே வந்து சேர முதல் அந்த மரம் அங்கே நிற்கக்கூடாது. ஆகுமோ ஆகாதோ, கலாவதி அழட்டும், ஐயர் ஏசட்டும்.

"ராசா, மரம் அறுக்கிற வாளைக் கொண்டு வா. வெட்டு!"

கிருஷ்ணராசா உள்ளே ஓடினார். கைவாளைக் கொண்டுவந்தார். ஒரு காலை இரும்பு மூடியில் ஊன்றி, மரத்தின் அடியில் வாளை வைத்து இழுத்தார். அத்திக்கொப்பு வெட்டினால் பால் வரும். பால் வரவில்லை. கறுத்த காய்ந்த தூள் கொட்டியது. நூறு வருடம் பூட்டிக் கிடந்த பெட்டியின் மணம்.

"இரும்பு மாதிரிக் கிடக்கண்ணை."

"நிப்பாட்டாதை."

வாள் அரைவிரல் அளவு இறங்கி இறுகியது. கிருஷ்ணராசா மற்றக் காலையும் மூடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து இழுத்தார்.

மூடி பிளந்தது.

இரண்டு கதவாகக் கீழ்நோக்கித் திறந்தது. அவர் விழுந்தபோது வாள்முனை முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை. கக்கங்கள் விளிம்பில் மாட்டின. நெஞ்சுவரை நிலத்துக்குள், தலையும் கையும் மேலே. இரத்தம் கல்லில் வேகமாகப் பரவியது.

"ஐயோ அண்ணை... கையைத் தாங்கோ."

குகதாசன் முழங்காலில் விழுந்து பிடித்தார். கை வழுக்கியது. சட்டையைப் பிடித்தார். கிருஷ்ணராசாவின் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் வலியைவிட வியப்பே கூட இருந்தது.

"கீழை ஆரோ காலைப் பிடிக்கினம்."

ஒரு இழுப்பு. தாடை கல்விளிம்பில் மோதியது. பல் உடைந்த சத்தம். வாயால் இரத்தம் வந்தது.

இன்னொரு இழுப்பு. தலை பின்னால் மடிந்தது, மடியக்கூடிய அளவைத் தாண்டி. பச்சைத் தடி முறிந்ததுபோல ஒரு சத்தம்.

சட்டைத் துண்டு மட்டும் குகதாசனின் கையில் இருந்தது.

விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

கீழேயிருந்து பாட்டு வந்தது. கிட்ட. இன்னும் கிட்ட.

"அப்பா, மூடி திறந்திட்டுது போல. வெளிச்சம் தெரியுது."

"வராதை! அங்கையே நில்!"

"என்னப்பா?"

"ராசா அங்கிள் கீழை விழுந்திட்டார். காணேல்லையே நீ?"

"இஞ்சை ஒருத்தரும் இல்லை. படியெல்லாம் ஈரம்." பாட்டு நின்றது. "அப்பா, என்ன இது ஈரம்?"

"அசையாதை பிள்ளை. நில். நான் ஆக்களைக் கூப்பிடுறன்."

போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. வாசலுக்கு ஓட எழுந்தார்.

"நிக்க ஏலாதப்பா," என்றாள். குரல் மாறியிருந்தது. "பின்னாலை ஆக்கள் வருகினம்."

"ஆர்?"

"தெரியேல்லை. தள்ளினம்." மூச்சு. "கையைப் பின்னாலை பிடிக்கினம். அப்பா, நோகுது. அப்பா!"

அவர் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். இருட்டில் காற்றைத் துழாவினார். குளிர். சுவர். மீண்டும் காற்று. பிறகு விரல்கள். மருதாணியின் மணம். அவளுடைய கை. ஒன்றுதான், ஆனால் அவளுடையது. பிடித்தார். இழுத்தார். தோள்மூட்டு கழன்றதுபோல வலித்தது. விடவில்லை.

அவள் வந்தாள். நெற்றி, கண், வாய். கன்னத்தில் கல் உரசிய காயம். கடைசிப் படியில் கால் வைத்து நிமிர்ந்து, இடுப்புவரை முற்றத்துக்கு மேலே நின்றாள்.

"அப்பா," என்றாள்.

"வா. வா என்ரை பிள்ளை. காலைத் தூக்கி வை."

அவள் காலைத் தூக்கவில்லை. கண்கள் அவரைப் பார்த்தன. இடக்கை மெதுவாகத் தன் கழுத்துக்குப் போனது.

மஞ்சள். கழுத்தைச் சுற்றி. இடக்காதின் கீழே முடிச்சு. அரிசிச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. வியாழக்கிழமை கன்னிக்காலின் உச்சியில் அவர் கையால் போட்டது.

அவர் முடிச்சை நோக்கிக் கையை நீட்டினார்.

படி இல்லாமல் போனது.

அவளுடைய கை அவர் கையை விட்டுப் பறந்தது. அவர் யோசிக்கவில்லை. தலைகீழாகப் பாய்ந்தார். முழங்கால் கல்லில் உடைந்தது. நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே ஏதோ மென்மையாக அமிழ்ந்தது, ஒரு மனித நெஞ்சு அமிழ்வதுபோல. அதில் ஊன்றினார். அவளுடைய இரண்டு கால்களையும் நெஞ்சோடு அணைத்தார். மேலே தூக்கினார்.

கயிறு தளர்ந்தது.

மேலே ஒரு மூச்சு. ஊசித்துளையால் காற்றுப் போவதுபோல மெல்லிய மூச்சு. உள்ளே. வெளியே.

உயிர் இருந்தது.

"பிடிச்சிருக்கிறன்," என்றார். "அப்பா பிடிச்சிருக்கிறன். பயப்பிடாதை."

உள்ளே. வெளியே.

தோளைக் கொடுத்தார். முழங்கால் மடியப் பார்த்தது, மடியவிடவில்லை. அவளுடைய பாதங்கள் அவர் வயிற்றில் குளிர்ந்தன. தூக்கிக்கொண்டே இருந்தால் போதும். யாராவது வரும்வரை. டெக்கரேஷன்காரர் வருவார்கள். கலாவதி வருவாள். தூக்கிக்கொண்டே இருந்தால் போதும்.

காலடிகள் கேட்டன. சுரங்கத்தில், அவருக்குப் பின்னால். நிறையப் பேர். அவசரப்படாத நடை.

"கெதியா வாங்கோ!" என்று கத்தினார். "இஞ்சை! பிடியுங்கோ! என்ரை பிள்ளையைத் தூக்குங்கோ!"

வந்தார்கள். இருட்டில் அவரைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஈரக் கம்பளியின் மணம். யாரோ ஒரு பெண் அடக்கி அழுதாள். கைகள் நீண்டு, அவருடைய கைகளின் மேல் படிந்து, அவளுடைய கணுக்கால்களை, முழங்கால்களைப் பற்றிக்கொண்டன. காய்த்துப்போன, குளிர்ந்த, பல கைகள்.

"ஓம்," என்றார் குகதாசன். அழுகை வந்தது. "ஓம், அப்பிடித்தான். மேலை. மேலை தூக்குங்கோ."

அவற்றில் ஒரு கை அவளுடைய பாதத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தது. நோயில் கிடக்கும் பிள்ளையைத் தடவுவதுபோல, மிகவும் அன்பாக.

பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்து, தங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்து, கீழே இழுத்தன.